மரப் பைப்புக்குள் நெருப்பு: மரம் ஏன் எரிவதில்லை?

பைப்பில் புகையிலை கனியும் இடத்தில் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மரமோ 250 டிகிரி வாக்கிலேயே கருகத் தொடங்கிவிடும். அப்படியிருந்தும் மரத்தைக் குடைந்து, அதற்குள் நெருப்பை வைத்து, உள்ளங்கையில் பிடித்தபடி முக்கால் மணி நேரம் இழுக்கிறார்கள். ஒரே பைப்பை முப்பது நாற்பது ஆண்டுகள் வைத்திருப்பவர்களும் உண்டு. மரம் தாக்குப்பிடிப்பது எப்படி என்று பார்க்கப் புகுந்தால், வெப்பம், காற்று, ஈரம் மூன்றையும் ஒரு கைப்பிடிக் கட்டைக்குள் அடக்கிய அருமையான தொழில்நுட்பம் கண்ணில் படுகிறது.

வேலூரில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போய் பைப் ஒன்றைக் காட்டி, இதுபோல வேண்டும் என்று கேட்டால் உருவத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். கட்டில் கால், மத்து, பூரிக்கட்டை என்று நாள் முழுக்கக் கடையும் கைகளுக்கு அந்த வளைவு பெரிய விஷயம் இல்லை. ஆனால் கிடைத்த கட்டையில் கடைந்த பைப், நாலைந்து முறை பற்றவைப்பதற்குள் விரிசல் விடலாம். அல்லது புகையெல்லாம் கசக்கலாம். உளி படுவதற்கு முன் மரத்தைப் பக்குவப்படுத்துவதிலும், உளி நின்றபின் மெருகேற்றுவதிலும்தான் பைப்பின் உயிர் இருக்கிறது.

நல்ல பைப்புகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது பிரையர் என்ற மரம். எரிக்கா ஆர்போரியா என்பது தாவரவியல் பெயர். கோர்சிகா, சார்டீனியா, தெற்கு இத்தாலி, கிரீஸ், அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட குன்றுகளில் புதராக வளர்கிறது. தண்டு பைப்புக்கு உதவாது. மண்ணுக்கடியில், தண்டும் வேரும் சேரும் இடத்தில் திரளும் முண்டுதான் வேண்டும். அந்தக் குன்றுகளில் காட்டுத்தீ அடிக்கடி வரும். மேலே உள்ளதெல்லாம் எரிந்துபோனாலும், முண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டும் அதில் உறங்கும் மொட்டுகளைக் கொண்டும் செடி மறுபடி துளிர்க்கும். முண்டு தேவையான பருமனுக்கு வர முப்பது ஆண்டுகளாவது ஆகும். நார்கள் ஒரே திசையில் ஓடாமல் முறுக்கிப் பின்னி வளர்வதால், அடர்த்தி அதிகம், பிளப்பது கடினம்.

பிரையர் புழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த காலத்தில், அங்கே காவலிருந்த வெள்ளைக்காரப் படையினரின் நாட்டில் சாதாரண மக்கள் புகைத்தது வெள்ளைக் களிமண் பைப்பில்தான். களிமண் எரியாது, ஆனால் கை சுடும், கீழே விழுந்தால் உடையும். பிரான்சின் ஜூரா மலைப் பகுதியில் சேன் குளோட் என்ற ஊர் தலைமுறை தலைமுறையாகக் கடைசல் வேலைக்குப் பேர்போனது. பிரையர் பைப் தொழில் அங்கேதான் வேரூன்றியது.

தோண்டியெடுத்த முண்டு பச்சையாக இருக்கும்போது அதில் சாறும் டேனினும் நிறைந்திருக்கும். டேனின் என்றால் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழில் குரோமியத்துக்கு மாறுவதற்கு முன் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்து எடுத்த துவர்ப்புச் சாறு அதுதான். தோலில் உள்ள கொலாஜன் புரதத்தோடு டேனின் இறுகப் பிணைவதால் தோல் அழுகுவதில்லை. நம் நாக்கில் துவர்ப்பு தெரிவதும் எச்சிலின் புரதங்களோடு அது பிணைவதால்தான். பட்டையிலிருந்து டேனினை இறக்கித் தோலில் ஏற்றுவது பதனிடுபவர் வேலை. பைப் செய்பவருக்கோ அதை மரத்திலிருந்து இறக்கி வெளியே கொட்டிவிட வேண்டும். முண்டைக் கட்டைகளாக அறுத்து, செம்பு அண்டாவில் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்கவைக்கிறார்கள். தண்ணீர் செம்பழுப்பாகிவிடும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால், பைப் சூடாகும்போதெல்லாம் மிச்சமிருக்கும் சாறு சுவரிலிருந்து கசிந்து புகையைக் கசப்பாக்கும்.

அடுத்தது உலர்த்தல். மரத்தின் ஈரம் இரண்டு வகை. செல்களின் குழிக்குள் நிற்கும் தண்ணீர் ஒன்று, செல் சுவரிலேயே ஊறியிருப்பது மற்றொன்று. முதலாவது வெளியேறும்போது மரம் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவர் ஈரம் போகத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பம். அந்தச் சுருக்கமும் ஒரே அளவாக இருக்காது. வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மேற்புறம் முந்தி உலர்ந்து உட்புறம் ஈரமாகவே நின்றால் கட்டை வெடித்துவிடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பச்சைக் கட்டையைப் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று இங்குள்ள தச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். பிரையர் கட்டைகளை நிழலில், காற்றை மட்டுப்படுத்தி, மாதக்கணக்கில் ஆறவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவசரப்பட்டவர்களுக்கு இந்த மரம் வசப்படுவதில்லை.

இனித் துளைகள். புகையிலை நிரப்பும் கிண்ணத்துக்கு விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர். அதன் அடியை எட்டும் புகைத்துளைக்கு 4 மில்லிமீட்டர். இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து கட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் சேர வேண்டும். துளை கிண்ணத்தின் அடித்தளத்தோடு ஒட்டி நடுவில் திறந்தால் கச்சிதம். இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறித் திறந்துவிட்டால், அதற்குக் கீழே கிடக்கும் புகையிலைக்குக் காற்று போகாது. ஊறிப்போன சக்கையாக அங்கேயே தங்கும். கீழே இறங்கிவிட்டால் அடிச்சுவரே மெலிந்துபோகும். துளையிடும்போது சுழலும் கட்டையில் தூள் வரும் விதத்தைக் கவனிக்கலாம். நன்கு உலர்ந்த கட்டையில் அது மாவாக உதிரும். ஈரம் மிச்சமிருந்தால் துளைக்கருவியின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும், அடிக்கடி வெளியே இழுத்துத் தட்ட வேண்டியிருக்கும்.

துளையின் அளவில் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் என்ன என்று தோன்றலாம். குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 4 மில்லிமீட்டரை 3 ஆக்கினால் தடை மூன்று மடங்குக்கும் மேலாகிவிடும். இழுக்கச் சிரமப்படுகிறவர் வேகமாக இழுப்பார், கங்கு கொழுந்துவிடும், கிண்ணம் சுடும்.

வாயில் வைக்கும் தண்டில் இதே கணக்கு இன்னும் நயமாக வருகிறது. ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துக் கெட்டியாக்கிய எபோனைட், அல்லது அக்ரிலிக், இந்தத் தண்டுக்கு ஆகும். பற்களுக்கிடையே உறுத்தாமல் நிற்க நுனி மெல்லியதாக இருக்க வேண்டும், 4 மில்லிமீட்டர் உருண்டைத் துளைக்கு அங்கே இடமில்லை. எனவே துளையைப் போகப்போகத் தட்டையாக்கி விரிக்கிறார்கள். உருண்டைத் துளையின் பரப்பு 12.6 சதுர மில்லிமீட்டர். நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரமும் 8.4 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பிளவாக மாற்றினாலும் பரப்பு அதேதான். வழியெங்கும் பரப்பு மாறாவிட்டால் காற்று சுழிக்காமல் ஓடும். தண்டின் முளை கட்டையின் குழிக்குள் இடைவெளியின்றி உட்கார வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். நடுவில் வெற்றிடம் இருந்தால் புகை அங்கே விரிந்து சுழன்று குளிரும், நீராவி துளிகளாகத் தங்கும், இழுக்கும்போதெல்லாம் களகளவென்று சத்தம் கேட்கும். நான் பார்த்தவரை, ஒரு பைப்பின் தரத்தை மதிப்பிட வெளிப்பளபளப்பைவிட இந்தப் பொருத்தை உற்றுப் பார்ப்பது நம்பகமானது.

சரி, மரம் ஏன் எரிவதில்லை? பிரையரில் உள்ள சிலிக்கா என்ற மணல்சத்துதான் காரணம் என்று பைப் பிரியர்கள் சொல்வது வழக்கம். அதை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பது என் எண்ணம். கங்கு இருப்பது கிண்ணத்தின் நடுவில், காற்று மேலிருந்து வந்து அதன் வழியாகவே இறங்குகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையே கங்கு நீறு பூத்துத் தணிகிறது. புகையிலையில் உள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தின் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடுகிறது. கங்கு ஒரே இடத்தில் நிற்காமல் மெல்லக் கீழிறங்குவதால், சுவரின் எந்தப் பகுதியும் முழு நேரமும் சூட்டில் நிற்பதில்லை. இத்தனைக்கும் பிறகு சுவருக்கு வந்துசேரும் வெப்பத்தை அடர்த்தியான மரம் தாங்கிக்கொள்கிறது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவது மரத்தைப் போல ஆயிரம் மடங்கு. உள்ளே கங்கு இருந்தும் வெளியே கை வைக்க முடிவது மரத்தின் இந்த மந்தத்தால்தான்.

நாளடைவில் உட்சுவரில் கரிப்படலம் ஒன்று படிகிறது. மரத்துக்கும் நெருப்புக்கும் நடுவே நிற்கும் கவசம் அது. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் போதும். அதற்கு மேல் வளரவிட்டால் கரியும் மரமும் வெவ்வேறு அளவில் விரிந்து கிண்ணமே பிளந்துவிடும், அதனால் அவ்வப்போது சுரண்டுகிறார்கள். படலம் இன்னும் சேராத புதுப் பைப்பைப் பாதி நிரப்பி நிதானமாகப் புகைப்பதும் இதனால்தான்.

மெருகுக்கு வருவோம், கைவேலையின் அழகு முழுக்கத் தெரிவது இங்கேதான். 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 320, 400, 600 என்று போகும்போது, முந்தைய தாளின் கீறல்களை அடுத்த தாள் அழிக்க வேண்டும். கீறல் மிஞ்சினால் சாயம் அதில் தேங்கிக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால், அமுங்கிக் கிடந்த நார்கள் நிமிர்ந்து நிற்பதை விரலால் உணரலாம். அவற்றையும் தேய்த்துவிட்ட பிறகே சாயம். சாராயத்தில் கரைத்த சாயம் நார்களை மறுபடி எழுப்பாது, சட்டென்று உலரும். முதலில் கருஞ்சாயம் பூசி, உலர்ந்ததும் தேய்த்தெடுத்தால் மென்மையான பகுதிகளில் மட்டும் கருமை தங்கும். அதன்மேல் வெளிர்நிறம் ஏற்றினால், நார்கள் நீளவாக்கில் தெரியும் பக்கம் தீக்கொழுந்துகளாகவும், குறுக்காக வெட்டுப்பட்ட பக்கம் சின்னச் சின்னக் கண்களாகவும் எழும். முழுக் கறுப்பு வேண்டுபவர்கள் துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்த நீரைப் பூசுவதுண்டு. மிச்சமிருக்கும் டேனினும் இரும்பும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே கறுக்கும். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை காய்ச்சிய நம் பெரியவர்கள் அறிந்த வேதியியல் இது.

கடைசலுக்கு நம் ஊரில் கொடுப்பது அரக்கு. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் இளகிப் படியும். பொம்மைக்கும் கட்டில் காலுக்கும் அது பொருத்தம், பைப்புக்குக் கெட்டியான அரக்குப் பூச்சு ஆகாது. கிண்ணம் சூடாகும்போது உள்ளிருந்து வரும் ஆவிக்கு வழி வேண்டும். படலம் அடைத்துவிட்டால் கொப்புளம் கிளம்பும். தேன்மெழுகு 62 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், சூடான பைப்பில் பிசுபிசுக்கும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைக்கும் கர்னௌபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். சுழலும் துணிச்சக்கரத்தில் அதைத் தொட்டு, பைப்பை லேசாக அழுத்திப் பிடித்தால், உராய்வில் இளகி மிக மெல்லிய படலமாகப் பரவி இறுகிவிடும். மங்கினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவு நுட்பம் இருந்தும் புகை புகைதான். மரமும் தண்டும் அதைக் குளிர வைக்கின்றன, நிகோடினையும் புற்றுநோய் தரும் பொருள்களையும் நீக்குவதில்லை. பைப் புகைப்பவர்களுக்கும் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்கள் வருகின்றன. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் நிறைய இருக்கும் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கைவேலையை மட்டும் பழக விரும்புகிறவர்களுக்கு நம் பக்கத்து மரங்கள் ஆகுமா? ஜவ்வாது மலைச் சந்தனம் கூடவே கூடாது. அதன் மதிப்பே எண்ணெயில் இருக்கிறது, சூட்டில் அந்த எண்ணெய் ஆவியாகும், எரியும். ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். அரளிக் கட்டை எந்த நிலையிலும் நஞ்சு, பக்கத்திலேயே போகக்கூடாது. புளியின் வைரம் பாய்ந்த கட்டையை முயன்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாக வைக்க அதைத் தேடுவது, நார்கள் பின்னி வளர்ந்து கத்தி வெட்டுக்குப் பிளக்காமல் நிற்பதால்தான். ஆனால் வேகவைக்கும் தண்ணீரை நிறம் இறங்குவது நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வெட்டுமுகங்களில் மெழுகு தடவி, ஈரம் அங்கே மட்டும் முந்திக்கொண்டு ஓடாதபடி மூடி, நிழலில் ஆறவிட வேண்டும். எடைபோட்டுப் பார்த்து, மாதத்துக்கு மாதம் எடை குறையாமல் நின்ற பிறகே துளையிடலாம்.