வெட்டு விழுந்தது தெரிந்ததா?

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். அடுத்து வலது கண். மறுபடி இடது. கருவிழி இங்கிருந்து அங்கே நகர்கிறது, ஆனால் அது நகர்வதை மட்டும் எவ்வளவு முயன்றாலும் உங்களால் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். செல்ஃபி கேமராவில் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் செல்போன் திரைக்குப் படம் ஒரு கணம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

விழி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது மூளை பார்வையை அடக்கிவைக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தாவலுக்கும் உலகமே கலங்கித் தெரியும். நொடிக்கு ஏறத்தாழ 3 முறை இப்படித் தாவுகிறோம். போதாக்குறைக்கு நிமிடத்துக்கு 15, 20 தடவை இமை மூடித் திறக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் நமக்குக் கிடைப்பது துண்டுத் துணிகள்தான்; தையல் போடுவது மூளை. சினிமா எடிட்டர் பிழைப்பது அந்தத் தையல்காரரின் தயவில்.

இரண்டு மணி நேரப் படத்தில் இன்று, ஒரு ஷாட்டிலிருந்து இன்னொரு ஷாட்டுக்குத் தாவும் வெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் சாதாரணமாக இருக்கும். அறையின் இந்த மூலையில் இருந்த பார்வை, கண்மூடித் திறப்பதற்குள் அந்த மூலைக்குப் போய்விடுகிறது. வீட்டில் அப்படி நடந்தால் மயக்கம் என்று டாக்டரிடம் ஓடுவோம். தியேட்டரில் ஒன்றும் ஆவதில்லை. 2008இல் டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சினிமாத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, வெட்டு வரும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அதற்கென்றே காத்திருந்து பார்த்தவர்களும்கூட, ஒருவகை வெட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டார்கள்.

எடிட்டர்கள் ‘ஆக்‌ஷன் கட்’ என்று சொல்லும் வகை அது. ஒருவர் நாற்காலியில் உட்காரப் போகிறார். தூரத்து ஷாட்டில் முழங்கால் மடங்கத் தொடங்குகிறது, அங்கே வெட்டு. அருகிலிருந்து எடுத்த ஷாட்டில் மீதி உட்காரல். அசைவு தொடங்கிய கணமே நம் கவனம் அதன் பின்னால் ஓடிவிடும். ஓடுகிற கண்ணுக்குப் பின்னணி மாறியது உறைப்பதில்லை. அவர் உட்கார்ந்து முடித்து, எல்லாம் அசைவற்று நிற்கும்போது வெட்டினால் பளிச்சென்று தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் ஷாட்டில் முழங்கால் எங்கே நின்றதோ, மிகச் சரியாக அங்கிருந்தே அடுத்த ஷாட்டைத் தொடங்கினால் காட்சி சற்றே எகிறுவதுபோல் தோன்றலாம். அதனால் பலர் இரண்டு மூன்று ஃபிரேம் (பிலிமிலுள்ள தனித்தனி அசையாப் படம்) அசைவைத் திரும்பவும் காட்டுவார்கள். புதிய படத்தில் எங்கே பார்ப்பது என்று கண் தேடிப்போகிற சிறு இடைவெளியில் அந்த ஃபிரேம்கள் கரைந்துபோகின்றன. கணக்குப்படி தப்பு, கண்ணுக்குச் சரி.

மூன்று ஃபிரேம் என்பது எவ்வளவு? நொடிக்கு 24 ஃபிரேம், 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். ஆக ஒரு நொடி என்பது ஒன்றரை அடி, பூக்காரம்மா அளக்கிற ஒரு முழம். மூன்று ஃபிரேம் இரண்டே கால் அங்குலம். அந்தக் காலத்து எடிட்டருக்கு நேரம் என்பது கையால் அளக்கக்கூடிய பொருள். இவான் செரூரியர் என்பவர் வீட்டில் படம் பார்ப்பதற்காகச் செய்த பெட்டி, விலை அதிகமென்று விற்காமல், 1924இல் ஹாலிவுட் எடிட்டிங் அறைக்குப் போய் மூவியோலா என்ற எடிட்டிங் கருவி ஆனது. கோடம்பாக்கத்திலும் அதன் கடகடச் சத்தம் வெகுகாலம் கேட்டது. அப்போது ‘பிலிம் சிமென்ட்’ என்ற பசை வைத்து ஒட்டுவார்கள். ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினால் ஒரு ஃபிரேம் போய்விடும், எனவே கத்தரி எடுக்கும் முன் யோசித்தாக வேண்டும். 1989இல் ஏவிட் என்ற கம்ப்யூட்டர் முறை விற்பனைக்கு வந்தபின் அந்தப் பயம் போயிற்று.

இனி, துருத்திக்கொண்டு தெரியும் வெட்டு. ஒருவரை நேராக எடுத்துவிட்டு, கேமராவை ஒரு சாண் தள்ளிவைத்து அடுத்த ஷாட் எடுத்து இரண்டையும் ஒட்டினால் ஆள் வெடுக்கென்று குதிப்பார். காரணம் சினிமாவின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினால், அவற்றின் வித்தியாசத்தை மூளை ‘பொருள் நகர்ந்தது’ என்று படிக்கும். அசையாப் படங்கள் திரையில் அசைவதே இதனால்தான். அதே கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. இரண்டு ஷாட்டும் நன்றாக வேறுபட்டால் ‘இது வேறு பார்வை’ என்று மூளை அடங்கிவிடும். கேமராவைக் குறைந்தது 30 டிகிரியாவது சுற்றிவை என்ற விதி இதைத்தான் சொல்கிறது. இளம்பிராயத்து வம்பாகச் சிலர் வேண்டுமென்றே குதிக்கவிட்டு, பின்னாளில் அதுவே ஸ்டைலானது தனிக்கதை.

இன்னொரு விதி திசை பற்றியது. டிவியில் கால்பந்து ஆட்டம் பார்க்கும்போது முக்கிய கேமராக்கள் எல்லாம் மைதானத்தின் ஒரே பக்கத்தில் இருப்பதைக் கவனிக்கலாம். எதிர்ப்பக்கம் போனால், இடமிருந்து வலமாக ஓடிய அணி வலமிருந்து இடமாக ஓடும். பேசிக்கொள்ளும் இருவருக்கு நடுவிலும் அப்படியொரு கோடு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். ‘லுக்’, அதாவது நடிகர் பார்க்கிற திசை, ‘தப்பிப்போச்சு’ என்று செட்டில் தலையில் கைவைப்பது இதற்குத்தான்.

எங்கே வெட்டினால் தெரியாது என்பது இது. எப்போது வெட்டுவது? 1974இல் வெளிவந்த ‘தி கான்வர்சேஷன்’ படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்த வால்டர் மர்ச் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அவர் வெட்டத் தீர்மானித்த இடங்களுக்கு வெகு அருகில் நடிகர் ஜீன் ஹேக்மன் கண் சிமிட்டியிருந்தார். ஓர் எண்ணம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் மனிதன் இமைக்கிறான், வெட்டும் அங்கேதான் விழ விரும்புகிறது என்பது மர்ச்சின் கருத்து. எடிட்டர்கள் சொல்வதில் பாதி ஜோசியம் என்று நினைப்பவன் நான். ஆனால் 2009இல் தமாமி நகானோவின் குழு ஜப்பானில் ஆட்களை உட்காரவைத்து ‘மிஸ்டர் பீன்’ காட்டியபோது, அவர்களின் இமைகள் எதிர்பாராத அளவு ஒன்றுசேர்ந்து மூடின. ஒரு செயல் முடிகிற இடம், முக்கியப் பாத்திரம் திரையில் இல்லாத இடம் போன்றவற்றில். கதையில்லாத இயற்கைக் காட்சி வீடியோவுக்கு அந்த ஒற்றுமை இல்லை. மர்ச் சொன்னதை இது நிரூபிக்கவில்லை. ஜோசியம் என்று ஒதுக்கவும் விடவில்லை.

சரி, இவ்வளவு இயல்பானது என்றால் கேமரா வந்த மறுநாளே கண்டுபிடித்திருக்க வேண்டாமா? 1903இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘அமெரிக்கத் தீயணைப்பு வீரரின் வாழ்க்கை’ படத்தில், எரியும் அறைக்குள்ளிருந்து தாயையும் குழந்தையையும் வீரர் காப்பாற்றுகிறார். முழுச் சம்பவமும் அறைக்குள்ளிருந்து காட்டப்படுகிறது. பிறகு அதே சம்பவம் முதலிலிருந்து, வெளியே தெருவிலிருந்து! தாய் இரண்டு முறை காப்பாற்றப்படுகிறாள். உள்ளும் வெளியும் மாறி மாறி வெட்டிய ஒரு பிரதி பின்னாளில் கிடைத்தது, அதை வைத்து போர்ட்டரைப் பெரிய முன்னோடி என்று பல காலம் எழுதினார்கள். காப்புரிமைக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் காகிதச் சுருளாகக் கொடுத்துவைத்த பிரதியை ஒப்பிட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: பழக்கப்பட்ட கை யாரோ பிற்காலத்தில் ‘திருத்தி’யிருக்கிறார். 1903இன் ஆளுக்கு இரண்டு முறை காட்டுவது தவறாகப் படவே இல்லை.

துருக்கியின் மலைக்கிராமங்களில் அதுவரை சினிமாவோ டிவியோ பார்த்திராத பெரியவர்களுக்கு ஸ்டெஃபான் ஷ்வான், செர்மின் இல்திரார் இருவரும் சிறு படங்களைக் காட்டி 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழக்கமான ஒரு வேலை வெட்டுக்கு வெட்டு தொடர்ந்து நடந்தால் அவர்களுக்குச் சிரமமில்லாமல் புரிந்தது. அந்தப் பிடிமானம் இல்லாத இடங்களில், நாம் யோசிக்காமலே தாண்டிப்போகிற வெட்டுகள் அவர்களுக்குப் புதிராக நின்றன. அசைவின் மேல் வெட்டுவது கண்ணோடு பிறந்தது. இரண்டு இடங்களை மனதுக்குள் பொருத்திக்கொள்வது பார்த்துப் பழகியது.

நம் ஊரில் ‘சஜஷன்’ என்று சொல்கிற ஷாட் அந்தப் பழக்கத்துக்கு ஓர் ஊன்றுகோல். பேசுகிறவரின் முகத்தோடு, கேட்கிறவரின் தோளும் ஓரத்தில் மங்கலாகத் தெரியும், அவர் அங்கேதான் நிற்கிறார் என்று சொல்வதற்கு. இப்போது பல காட்சிகளில் அந்தத் தோளும் இல்லை. இரண்டு நட்சத்திரங்களின் கால்ஷீட் ஒத்துவராமல், ஒருவர் செவ்வாய்க்கிழமையும் இன்னொருவர் அடுத்த மாதமும் வந்து வெறும் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகலாம். லுக் மட்டும் சரியாக இருந்தால், எதிரெதிரே நின்று சண்டை போடுகிறார்கள் என்றே நம்பி உட்கார்ந்திருப்போம்.