பனடோல் அட்டையில் இல்லாத பெயர்கள்

மட்டக்களப்பில் மருந்தாளராகப் பணியாற்றும் நான், படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் உயர்தர உயிரியல் மாணவர்களுடன் உரையாடச் சென்றிருந்தேன். மருந்தொன்றைக் கண்டறிந்தவரின் பெயரைக் கேட்டபோது வகுப்பு முழுவதும் "பிளெமிங்" என்றது. இன்னொரு பெயர் கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் எல்லோரும் விழுங்கும் பனடோலை எடுத்துக் காட்டினேன். "அது கொம்பனி செய்யிறதுதானே, சேர்" என்றான் ஒரு மாணவன்.

மருந்து உடலை என்ன செய்கிறது, உடல் மருந்தை என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் ஆராய்வதே மருந்தியல். பனடோலில் உள்ள பரசிற்றமோல் 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தும், நஞ்சாகலாம் என்ற ஐயத்தால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. அன்று புழக்கத்திலிருந்த அசெற்றனிலைட் என்னும் மருந்து உடலுக்குள் பரசிற்றமோலாக மாறியே வலியைத் தணிக்கிறது என்பதையும், இரத்தத்தைக் கெடுப்பது அதிலிருந்து பிரியும் வேறொரு பொருளே என்பதையும் 1948ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஆய்வாளர்களான பேர்னார்ட் புரோடியும் ஜூலியஸ் அக்செல்ரொட்டும் நிறுவினார்கள். (அதற்காகக் கச்சான்போலக் கொறிக்கக்கூடாது, வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுத்தால் ஈரல் பாதிக்கப்படலாம்.)

அக்செல்ரொட்டை எந்த மருத்துவக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளவில்லை. உணவில் விற்றமின் அளவைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். அமோனியாப் போத்தல் வெடித்து ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். நாற்பது வயதைக் கடந்து, 1955இல்தான் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசற் புள்ளி சற்றுக் குறைந்து மருத்துவபீடம் கிடைக்காததால் வாழ்க்கையே முடிந்துவிட்டதென அழும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கும் ஊரில், இவ்வரலாற்றை நான் வேண்டுமென்றே விரிவாகச் சொல்வதுண்டு.

அமெரிக்க மருந்தாய்வாளர் கேர்ட்ரூட் எலியனோ, பெண் என்பதாலேயே ஆய்வுகூட வேலை மறுக்கப்பட்டு, ஒருகாலத்தில் ஊறுகாயின் புளிப்பை அளந்து பிழைத்தவர். முறையான கலாநிதிப் பட்டத்தை அவர் முடிக்கவேயில்லை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான மேர்கப்டோபியூரின், பெருவிரல் போன்ற மூட்டுகள் வீங்கி வலிக்கும் கௌட் வருத்தத்துக்கான அலோபியூரினோல் ஆகியவற்றின் உருவாக்கத்தில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸுடன் இணைந்து உழைத்து, 1988இல் அவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நோபல் பெறாத ஒருவரையே நான் இவர்களுக்கு நிகராக வைப்பேன். இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரான சேனக பிபிலே, புதிய மருந்தெதையும் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் அல்லர். மருத்துவரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே, நாட்டுக்குத் தேவையான மருந்துகளைத் தெரிவுசெய்து, வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் மலிவாக வாங்கும் முறைக்கு வழிகாட்டினார். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அதிலிருந்து பிறந்தது. 1977இல் கயானாவில் அவர் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

"தம்பி, முந்தித் தந்த குளிசை இது இல்ல" என்று, பெருவிரல் வீங்கிய பெரியவர்கள் இன்றும் பெட்டியைத் திருப்பித் தள்ளுகிறார்கள். பழைய பெட்டியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் 'அலோபியூரினோல்' என்ற ஒரே பெயரைத் தொட்டுக் காட்டுகிறேன்.