பெட்ரோலா, கரண்டா? பழைய கார் ஸ்டார்ட் ஆகாததன் அறிவியல்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் பழி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் மீதுதான் விழுகிறது. பானெட்டைத் திறந்த கையோடு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன் திருகுகளைத் திருப்பத் தொடங்கிவிடுகிறோம். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டியின் திருகுகள் இரவோடு இரவாகத் தாமே நகர்ந்திருக்க வழியில்லை. அவற்றைத் திருப்பினால் ஒரு கோளாறு இரண்டாகும், அவ்வளவுதான். கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. எங்கே தேட வேண்டும் என்பதை இன்ஜினே காட்டிக்கொடுக்கும்.

பெட்ரோல் இன்ஜினுக்கு மூன்று தேவைகள். எரியக்கூடிய அளவில் காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி, சரியான கணத்தில் போதிய வலுவுள்ள தீப்பொறி, கலவையை நன்கு அழுத்தும் வேகமான சுழற்சி. கடைசித் தேவையைக் காதாலேயே சோதிக்கலாம். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? ‘டக்’ என்ற ஒரே சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைவதுபோல் மங்கினால் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் பாருங்கள். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 10 வோல்ட்டுக்குக் கீழே போவது நல்லதல்ல.

விளக்கு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் தடுமாறினால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைச் சந்தேகிக்க வேண்டும். அது அரித்துப்போயிருந்தால், செல்ஃபுக்கான பெரும் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடும். கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளின் உலோகக் கம்பி அப்படியொரு வழி. செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் கையைச் சுட்டால், கார்புரேட்டரின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

தளர்ந்த பேட்டரியின் பாதிப்பு செல்ஃபோடு நிற்பதில்லை. தீப்பொறிக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் இக்னிஷன் காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 12.6 வோல்ட் 9 ஆகக் குறைந்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 30 சதவீதம்தான் குறையும், ஆனால் ஆற்றல் பாதியாகிவிடும். செல்ஃப் எப்படியோ சுற்றுகிறது, சிலிண்டருக்குள் பொறியை அடிக்கும் பிளக்குக்குத்தான் கரண்ட் போதவில்லை. செல்ஃபில் ஸ்டார்ட் ஆகாமல், தள்ளியவுடன் ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் பலவற்றின் கதை இதுதான். தள்ளும்போது செல்ஃபின் சுமை பேட்டரிக்கு இல்லை.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால், சில முறை செல்ஃப் அடித்த பிறகு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் கரண்ட் வரவில்லை அல்லது பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஸ்பேனர் ஒன்றே போதுமான இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, அந்தப் பிளக்கை அதன் வயரில் மாட்டி, உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ரப்பர் உறையிட்ட குறடால் பிடிப்பது நல்லது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியேறும் என்பதால் துளையிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் நன்றாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். நீல நிறத்தில் ‘சட்’டென்று அடிக்கும் பொறி வலுவானது. மஞ்சளாக, நூல்போல மெலிந்திருந்தால் அது திறந்த வெளியில் தாவும், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தில் தாவாது.

பொறி மெலிவதற்கும் நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துக் கரண்ட் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை அந்த அளவுக்கு உயர்த்துவது காயில். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சிறு சுவிட்ச் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகிறது. கேம் என்ற மேடுள்ள தண்டு சுழன்று பாயிண்டைத் திறந்ததும் மின்னோட்டம் அறுந்து காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு எவ்வளவு திடீரென்று நிகழ்கிறதோ அவ்வளவு உயர்ந்த வோல்ட்டேஜ் இரண்டாவது சுருளில் எழும். கண்டென்சர் இங்கேதான் உதவுகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்த இடைவெளியில் தாவப் பார்க்கும் மின்னோட்டத்தை அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது. கண்டென்சர் கெட்டால் பொறி பிளக்குக்குப் பதில் பாயிண்டிலேயே பறக்கும், முனைகள் கருகிக் குழிவிழும்.

கேமை உரசி நகரும் பாயிண்டின் ஃபைபர் கால் நாளடைவில் தேயும். தேயத் தேய இடைவெளி குறைந்து, ஒருநாள் பாயிண்ட் திறப்பதே நின்றுவிடும். அன்று பொறி அறவே இராது. ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி பொதுவான அளவு. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் கையில் இல்லாதபோது விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்து அவசரத்துக்குச் சரிசெய்து வீடு சேரலாம். மழைக்காலத்தில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்துவதே பெரும்பாலும் போதும்.

கரண்ட் சரி, பிளக் மட்டும் உலர்ந்திருக்கிறது என்றால் இப்போது கார்புரேட்டரின் முறை. குறுகலான இடத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும் என்ற தத்துவத்தை டேனியல் பெர்னூலி 1738இல் விளக்கினார். அந்தக் குறைந்த அழுத்தம்தான் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஜெட் என்ற சிறு துளை வழியாக இழுக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது இந்த ஏற்பாடு மிகவும் பலவீனமாக இருக்கிறது. அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் 2200 லிட்டர் காற்றை இழுக்க முடியும். செல்ஃப் சுற்றும் 200 சுற்றில் 150 லிட்டர்தான். காற்றின் வேகம் 15 மடங்கு குறைந்தால் அழுத்த வேறுபாடு 225 மடங்கு குறையும். இந்த நிலையில் ஜெட்டிலிருந்து பெட்ரோல் எப்படி வரும்? போதாததற்குக் குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலின் இலேசான பகுதி மட்டுமே ஆவியாகிறது.

சோக் இந்த இரண்டு குறைகளையும் ஒரே தகட்டால் ஈடுசெய்கிறது. கார்புரேட்டரின் வாயை அது அடைத்ததும் இன்ஜினின் உறிஞ்சல் முழுவதும் ஜெட்டின் மேல் விழுகிறது. முழுமையாக எரிய 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று போதும். சோக் இழுத்திருக்கும்போது பெட்ரோல் இதைவிடப் பல மடங்கு அதிகமாகப் போகும். இன்ஜின் ஓடத் தொடங்கியபின் சோக்கைப் படிப்படியாக உள்ளே தள்ளாவிட்டால் பிளக் கருகி நனையும். அப்படி ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோலைப் பீச்சும். சோக்கை உள்ளே தள்ளி, பெடலை ஒரேயடியாக அடிவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் காற்று தாராளமாகப் புகுந்து மிஞ்சிய பெட்ரோலை வெளியேற்றும்.

அதே பம்பே ஒரு நல்ல சோதனைக் கருவி. சாவியை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிங்கைத் தள்ளுங்கள். மெல்லிய தாரை பீச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. பீச்சாவிட்டால் டியூப், ஃபில்டர், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்பின் டயஃப்ரம், கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு சிக்கிக்கொண்டிருப்பது என்று பின்னோக்கித் தேட வேண்டும். நீடில் வால்வை விடுவிக்க ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் சில வேளை போதும். கோடையில் நிறுத்திய சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் ஆகாதபோது, இன்ஜின் வெப்பத்தில் டியூபுக்குள் பெட்ரோல் ஆவியாகி பம்பைத் திணறடித்திருக்கக்கூடும். ஏசி பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கும் ஓட்டுநர்களின் வழக்கம் சரியான இயற்பியல். நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, உள்ளே ஆவி மீண்டும் திரவமாகிறது.

2025 முதல் நாடெங்கும் வழக்கமாகிவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டிகளுக்குப் புதிய சிக்கல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவில் கலவை மெலிகிறது. புதிய கார்களில் சென்சார் இதை உணர்ந்து சரிசெய்யும், கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும், ஆகவே ஊட்டியின் குளிர்காலக் காலைகளில் சோக்கை இன்னும் சற்று நேரம் இழுத்துவைக்க நேரலாம். பழைய ரப்பர் டியூபையும் டயஃப்ரத்தையும் அது இளக்கும். ஈரப்பதத்தையும் உறிஞ்சும். வாரக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். எத்தனாலைத் தாங்கும் டியூபும் டயஃப்ரமும் கிடைத்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கரண்டும் பெட்ரோலும் பொறி அடிக்கும் கணமான டைமிங்கும் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால் சிலிண்டர் கலவையை அழுத்தும் அளவான கம்ப்ரஷனை அளந்து பார்க்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தால் அளவு கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ கசிகிறது. அந்த வேலைக்கு இன்ஜினைத் திறந்தாக வேண்டும், மெக்கானிக்கை அழைத்துவிடுங்கள்.