வளையமா, கோடா? முட்டைக்குள்ளேயே முடிவாகும் பாம்பின் கோலம்

கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் என்றால் கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே இனத்தில், முதுகு நெடுக ஒரே ஒரு வெள்ளைக் கோடு ஓடும் பாம்பும் உண்டு. கழுத்தருகே வளையம், நடுவில் துண்டுதுண்டான கோடு, வால் பக்கம் வெறும் புள்ளிகள் என்று கலந்துகட்டி இருப்பவையும் உண்டு. வளர்க்க ஆசைப்படுகிறவர்களின் கண் முதலில் போவது இந்தக் கடைசி ரகத்தின் மேல்தான். (விஷமில்லாத பாம்பு இது. ராஜநாகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வளையப் பாம்பும் கோட்டுப் பாம்பும் வேறு வேறு இனம் என்றுதான் 19ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தார்கள். அது சரியில்லை என்று 1930களில் காட்டியவர் அமெரிக்காவின் சான் டியேகோவைச் சேர்ந்த பாம்பு ஆய்வாளர் லாரன்ஸ் கிளாபர். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து இரண்டு விதக் குஞ்சுகளும் வெளிவருகின்றன, அப்புறம் எப்படி இரண்டு இனம்?

ஒரே வயிற்றுக் குஞ்சுகளுக்கு இத்தனை விதக் கோலம் எப்படி வந்தது என்று கேட்டால், முட்டைக்குள் பார்க்க வேண்டும். கரு வளரும்போது முதுகுப் பக்கத்தில், நரம்புத்தண்டு உருவாகும் இடத்திலிருந்து சில செல்கள் கிளம்பித் தோலுக்குள் பரவுகின்றன. இவற்றில் ஒரு பகுதி கறுப்பு நிறமியைத் தயாரிக்கும். ஒரு பகுதி மஞ்சளைத் தரும். மூன்றாவது வகையில் நிறமியே கிடையாது, நுண்ணிய குவானின் படிகங்கள்தான் இருக்கும். அவை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கிங்ஸ்நேக்கின் வெள்ளை வளையம் வெள்ளைச் சாயத்தால் ஆனதல்ல. கறுப்புச் செல்கள் வராமல் விட்ட இடம் அது.

எந்தச் செல் எங்கே தங்க வேண்டும் என்று செதில் செதிலாக எழுதிய வரைபடம் எதுவும் மரபணுவில் இல்லை. பக்கத்துச் செல்லை ஊக்குவிப்பது, தூரத்துச் செல்லைத் தடுப்பது போன்ற சில எளிய விதிகள் போதும், புள்ளியோ பட்டையோ தானாகவே உருவாகிவிடும் என்பதைக் கணிதமாக 1952இல் முன்வைத்தவர் பிரிட்டிஷ் கணித மேதை ஆலன் டூரிங். விதி கொஞ்சம் பிசகினாலும் கோலம் மொத்தமும் மாறும். கிங்ஸ்நேக்குக்கு நெருங்கிய உறவான கார்ன் பாம்பில், குளோரைடு அயனி போய்வரும் வழியைக் கட்டும் ஒரே ஒரு மரபணு பழுதானால் முதுகுப் புள்ளிகள் நீண்டு கோடாகிவிடுகின்றன. ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது இது. சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத மரபணு!

மரபணு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. முட்டைகளை 27, 28 டிகிரி செல்சியஸில் வைத்தால் சுமார் இரண்டு மாதத்தில் பொரியும். சூடு எக்குத்தப்பாக ஏறி இறங்கினால் செல்களின் பயணம் தடுமாறி, வளையங்கள் உடைந்து கோணல்மாணலாகலாம். இப்படி வந்த கோலம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. எது மரபு, எது விபத்து என்று பாம்பைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, குட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் 'அபூர்வ ரகம்' என்று விலையேற்றுகிறவரிடம் அதன் பெற்றோரையும் உடன்பிறந்தவற்றையும் பற்றி விசாரிப்பது நல்லது.

பொரிக்கும்போது இருக்கும் கோலம்தான் கடைசிவரை. ஊதாத பலூனில் வரைந்த படம், ஊத ஊதப் பெரிதாவது போல, செதில்கள் எண்ணிக்கையில் பெருகாமல் அளவில் மட்டும் வளரும். முப்பது வளையத்தோடு பிறந்தது ஒரு மீட்டர் நீளம் ஆனாலும் முப்பதுதான். சட்டை உரித்தாலும் கோலம் போகாது, ஏனென்றால் நிறமிச் செல்களில் பெரும்பாலானவை உள்தோலில் இருக்கின்றன. ஆனால் உரித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு இருந்த இடங்கள் மங்கலான பழுப்பாகத் தெரியும். மேல்தோலில் படிந்த கொஞ்சம் மெலனின், அதாவது கறுப்பு நிறமி அது.

வளர்ப்பில் கோலத்துக்கென்று தனிக் கவனிப்பு எதுவும் கிடையாது. கூண்டின் ஒரு பக்கம் 30 டிகிரி, மறுபக்கம் 23 டிகிரி, சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட், ஒளிந்துகொள்ள இடம், தண்ணீர், உறைநிலையிலிருந்து எடுத்து இளஞ்சூடாக்கிய எலி. கூண்டுக்கு ஒரு பாம்புதான், இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ராட்டில்ஸ்நேக்கின் விஷத்தையே தாங்கிக்கொண்டு அதை விழுங்கும் சாதி இது, துணைக்கு விட்ட இன்னொரு கிங்ஸ்நேக்கையும் இரையாகத்தான் பார்க்கும். இருபது வருடம்கூட உயிர் வாழும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

சலித்துப்போனால் வெளியே விட்டுவிடலாம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவு இருக்கிறது. அங்கே பெருகிய கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்குகளில் கறுப்பு நிறமி இல்லாமல் வெளிறிய அல்பினோக்களும் கோட்டுப் பாம்புகளும் ஏராளம். இவை வளர்ப்புப் பாம்புகளின் வாரிசுகள் என்று காட்டிக்கொடுத்ததே அந்தக் கோலம்தான். பாம்புகளே இல்லாத தீவில் வாழ்ந்து பழகிய அங்கத்திய ராட்சதப் பல்லிகள், இவை பரவிய பகுதிகளில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.