உலர் இணைப்பாம்! டிரை சால்டருக்குத் தமிழ் என்ன?

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணான். அவனே சால்டர் வச்சு, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டி, முடிச்ச கடிகார கிட், நாலு இலக்க எல்இடி டிஸ்ப்ளே, அதுல 9 எல்லாம் 5 மாதிரியும் 8 எல்லாம் 6 மாதிரியும் தெரியுதாம். "தமிழ்க் குறிப்புல 'உலர் இணைப்பு உள்ளதா எனச் சரிபார்க்கவும்'னு இருக்கு மாமா, பாத்துட்டேன், எல்லாம் நல்லா காஞ்சுதான் இருக்கு"ன்னான். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா? சர்க்யூட் போர்டு காஞ்சிருந்தா நல்லதுதானே! டிரை சால்டர்னா ஈயம் சரியா பிடிக்காத இணைப்பு, அதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்காங்க.

சால்டர்ங்கிறது திடமாக்குறதுன்னு பொருள்படுற லத்தீன் சொல்லுல இருந்து பிரெஞ்சு வழியா வந்தது, அத விடுங்க. நமக்கு அதுக்குப் பற்றாசுன்னு பழைய சொல்லே இருக்கு. வெண்பாவுல தனிச்சொல் ஒட்டாம நின்னா நடுவுல ஒண்ணு ரெண்டு அசை சேப்பாங்க, அதுக்குப் பேரு ஆசு, உலோகத்தை இணைக்கிற பற்றாசு மாதிரின்னு யாப்பு உரைக்காரங்களே சொல்லிருக்காங்க. இதை விட்டுட்டு பற்றவைப்புன்னு எழுதுறாங்க, அது வெல்டிங்குங்க, வெல்டிங்ல இரும்பே உருகும், சால்டர்ல ஈயம் மட்டுந்தான் உருகும்.

சரி, டிரை எங்க வந்துச்சு? உருகின ஈயம் செம்பு மேல தண்ணி மாதிரி படர்ந்து பிடிக்கணும், அதுக்கு இங்கிலீஷ்ல வெட்டிங்னு பேரு (கல்யாணம் இல்ல, நனையுறது). படராம உருண்டையா நின்னா டிரை. ஆனா தமிழ்ல உலர்றதுன்னா ஈரமா இருந்தது காயுறது, உலர் திராட்சை மாதிரி. இது நனையவே இல்லையே, அப்புறம் எங்கேருந்து உலர்றது? டிரை காஃபை யாராவது உலர் இருமல்னு சொல்றோமா, வறட்டு இருமல்னுதானே சொல்றோம்! இன்னும் சில பேரு குளிர் இணைப்புங்கிறாங்க, கேட்டா ஃப்ரிட்ஜ் ஞாபகம் வருது. அகராதியைத் திறந்து முதல் அர்த்தத்தை எடுத்து ஒட்டுறவங்க ஒருநாளாவது சால்டர் ஐயனைக் கையில பிடிச்சிருந்தா இப்படி எழுத மாட்டாங்க.

நான் சொல்றது பொய்ப்பற்று. பொய்க்கால், பொய்த்தூக்கம் மாதிரி, பாக்க ஒட்டுன மாதிரி இருக்கும், ஒட்டிருக்காது. கடை மெக்கானிக் டிரை சால்டர்னே சொல்லட்டும், அதுல எனக்குச் சண்டையில்ல, அவருக்கு அர்த்தம் தெரியும்.

பையன் கிட்டுக்கு வருவோம். நாலு இலக்கத்துலயும் மேல் வலது கோடு மட்டும் எரியல. நாலுக்கும் அந்தக் கோட்டுக்கு ஒரே லைன்தான், அதனால டிஸ்ப்ளே போகலைன்னு அப்பவே தெரிஞ்சுது. அந்த லைன்ல இருக்கிற ரெசிஸ்டரை (மின்தடை) பல்குச்சியால அமுக்கச் சொன்னேன், கோடு எரிஞ்சுது, விட்டதும் போச்சு. 63 பங்கு வெள்ளீயம் 37 பங்கு காரீயம் கலந்த சால்டர் கம்பி 183 டிகிரிலயே உருகிரும், பையன் ஐயன் நுனியில உருக்கி சொட்டு வச்சிருக்கான், கீழ செம்பு சூடே ஆகல. ரெசிஸ்டரோட காலையும் போர்டு செம்பையும் சேத்து ரெண்டு மூணு செகண்ட் சூடாக்கிட்டு அப்புறம் கம்பியைக் காட்டுடான்னேன்.

"அப்போ காய வைக்கிறது?"ன்னு கேட்டான்.