இறைக்க இறைக்கப் பச்சையாகும் தொட்டி

எங்கள் கொல்லையில் கிணற்றுக்கும் வாழைக்கும் நடுவே ஒரு தொட்டி இருக்கிறது. கிணற்றுக்கு இறக்குகிற மூன்றடி அகல சிமெண்ட் உறைகளை அடுக்கி, அடியைப் பூசிக் கட்டியது. வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைத்து, சிமெண்டின் காரம் போன பிறகு அல்லிக் கிழங்கு ஒன்றை ஊன்றி, பத்துக் கப்பி மீன்களை விட்டேன். பத்தே நாளில் தண்ணீர் பச்சை.

"பாசி பிடிச்சுப் போச்சு, இறைச்சுக் கொட்டிக் கழுவி விடுடா" என்றாள் அம்மா. இறைத்தேன். தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தேன். மோட்டாரைப் போட்டு நிரப்பினேன். அடுத்த பத்து நாளில் மறுபடி பச்சை. மூன்றாம் முறை கழுவிய இரண்டாவது நாள் காலையில் நான்கு கப்பிகள் செத்து மிதந்தன. கழுவாமல் விட்டிருந்தால் அவை பிழைத்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை அள்ளி இரவு முழுக்க அசையாமல் வைத்துப் பாருங்கள். வண்டலாக இருந்தால் விடிவதற்குள் அடியில் படிந்துவிடும். மிக நுண்ணிய களிமண் படியாது. அதன் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைப்பார்களே, அது அந்தத் துகள்களைத் திரட்டிக் கனமாக்கி இறக்கும் வேலை. என் டம்ளரில் காலையிலும் பச்சை அப்படியே நின்றது, ஏனென்றால் அது உயிருள்ளது. குளோரெல்லா போன்ற ஒற்றைச் செல் பாசிகள். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத உருண்டைகள். வெயிலும் தீனியும் கிடைத்தால் ஒரே நாளில் இரட்டிப்பாகும்.

தீனி என்றால் முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். பாஸ்பரஸின் வலிமையைக் கண்ணுக்கு நேரே காட்டிய சோதனை 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் நடந்தது. டேவிட் ஷிண்ட்லரும் உடனிருந்தோரும் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியை அதன் குறுகிய இடுப்பில் பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சைக் குழம்பானது, மறுபக்கம் தெளிவாகவே நின்றது. என் தொட்டிக்குப் பாஸ்பரஸ் மூன்று வழியில் வந்தது: மீன் தீனி, மேலே சாய்ந்த முருங்கையின் சருகு, மழை பெய்தால் வாழைப் பாத்தியிலிருந்து வழிந்து வரும் எருத் தண்ணீர். மூன்றாவதைத் தடுக்க விளிம்பை நான்கு விரற்கடை உயர்த்தினாலே போதும்.

சரி, மீன் ஏன் செத்தது? மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக விடுகிறது. அது மீனுக்கே நஞ்சு. பழகிய தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு கெடுதி இல்லை, அல்லிக்கு உரம். ஒரே பாக்டீரியா இரண்டு வேலையையும் செய்யும் என்பது 2015-இல்தான் தெரிந்தது; அப்படி ஒன்று கிடைத்த இடம் மீன் பண்ணையின் தண்ணீர் வடிகட்டி.

இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல. சுவரைத் தடவினால் விரலில் வழுக்குகிறதே, அந்த வழவழப்பில் குடியிருப்பவை. புதிதாகக் குடியேறி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் பத்து நாளுக்கு ஒருமுறை நாரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்! பாசி மட்டும் அசரவில்லை. ஓரத்தில் ஒட்டிய நாலு செல் போதும், புதுத் தண்ணீரில் போட்டியே இல்லாமல் பெருகும். நகரத்தில் குழாய்த் தண்ணீர் நிரப்புகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, குளோரின். வாளியில் ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றலாம்.

பச்சை முற்றினால் பகலுக்கும் இரவுக்கும் தொட்டி வேறு வேறு ஆகிவிடும். பகலில் பாசி கரியமில வாயுவை இழுக்க, தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அதை அளக்கும் எண் பிஎச். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவுதான் நஞ்சு வடிவில் இருக்கும். பிஎச் 9 ஆனால் கிட்டத்தட்டப் பாதி. இரவில் பாசியும் மீனைப் போல ஆக்ஸிஜனை உண்கிறது. அதே 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கும் ஆக்ஸிஜன் ஏழரை மில்லிகிராம் அளவே. என்னுடைய 400 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் 3 கிராம். ஒரு குடம் காற்றில் அவ்வளவு இருக்கும். விடிவதற்குச் சற்று முன்பு அது மிகக் குறைந்திருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதைப் பசி என்று நினைத்து நான் தீனி போட்டதும் உண்டு.

கொசுவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மீன் உள்ள தொட்டியில் புழு தப்பாது, மூச்சுவிட மேலே வரும்போதே கப்பி விழுங்கிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூந்தொட்டியின் அடித்தட்டு, கவிழ்க்காத டயர், தேங்காய்ச் சிரட்டை, இவைதான் நிஜமான ஆபத்து; வெறுமனே தண்ணீரைக் கொட்டாமல் உள்பக்கத்தைத் தேய்த்துவிட வேண்டும். கப்பி மிஞ்சினால் ஏரியில் விடாதீர்கள். அது தென் அமெரிக்க மீன், நம் ஊர்ச் சிறுமீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது நான் தொட்டியைக் கழுவுவதில்லை. வாரத்துக்கு மூன்று குடம் மொண்டு வாழைக்கு ஊற்றுகிறேன், அதே அளவு கிணற்றுத் தண்ணீர் விடுகிறேன். நைட்ரேட் வாழைக்குப் போகிறது. அடியில் சேரும் கறுப்புச் சேற்றை வருடத்துக்கு ஒருமுறை பாதி மட்டும் அள்ளி மஞ்சள் பாத்தியில் போடுகிறேன். தீனியைப் பாதியாகக் குறைத்தேன். அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் பாசிக்கு வெயிலும் போயிற்று, உரமும் போயிற்று. இரண்டு மாதத்தில் அடிமண் தெரிந்தது.

தண்ணீர் தெளிந்த வாரமே முருங்கைக் கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. பச்சையாக இருந்தவரை அதன் கண்ணில் கப்பி படவே இல்லை. உடைந்த மண்பானை ஒன்றைத் தொட்டிக்குள் சாய்த்துப் போட்டிருக்கிறேன். நிழல் விழுந்த நொடியில் எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. பெரும்பாலும்.