‘தி குளோரி’ தொடரும் கண்டும் காணாமல் இருக்கும் பெரியவர்களும்

தென்கொரியத் தொடரான ‘தி குளோரி’யைப் பார்த்த பிறகே தங்கள் பள்ளிக்காலத்தைப் பற்றி முதன்முறையாக வாய் திறந்தவர்கள் சிலரை, மனநல மருத்துவராக நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கதாநாயகியின் பழிவாங்கலைப் பற்றிப் பேசுவதில்லை. ஆசிரியர் அறையில் நடக்கும் காட்சியைப் பற்றியே பேசுகிறார்கள்.

கிம் ஊன்-சூக் எழுதி, சாங் ஹே-கியோ நடித்த இத்தொடர் 16 அத்தியாயங்களைக் கொண்டது. 2022 டிசம்பர் இறுதியிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு பகுதிகளாக நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. மூன் டாங்-ஊன் என்ற ஏழை மாணவியை, பார்க் யான்-ஜின் என்ற பணக்காரப் பெண்ணின் தலைமையில் உடன்படிப்பவர்கள் முடி சுருட்டும் கருவியால் சுட்டுச் சித்திரவதை செய்கிறார்கள். 2006இல் சொங்ஜு நகரில் ஒரு மாணவிக்கு இதே கருவியால் நேர்ந்த கொடுமையைத் தொடர் வெளியானபோது கொரிய ஊடகங்கள் நினைவுகூர்ந்தன.

டாங்-ஊன் காவல் நிலையத்துக்குப் போகிறாள், பலனில்லை. அவளுடைய காயங்களைக் கண்டு அக்கறையோடு விசாரித்த பள்ளிச் செவிலியராலும் அங்கே நீடிக்க முடியவில்லை. பள்ளியை விட்டு விலகும்போது தன்னைத் துன்புறுத்தியவர்களின் பெயர்களையே காரணமாக அவள் எழுதிக் கொடுக்க, வகுப்பாசிரியர் ஆசிரியர் அறையில் மற்ற ஆசிரியர்களின் கண்ணெதிரே அவளை அறைகிறார். பின்னர் அவளுடைய தாய் பணத்தை வாங்கிக்கொண்டு, மகளால் பள்ளிச் சூழலுக்கு ஒத்துப்போக முடியவில்லை என்ற காரணத்துக்குக் கையெழுத்திட்டுவிடுகிறாள். சூட்டுத் தழும்பு சக மாணவர்கள் தந்தது. ஆனால் நடந்தது எதுவும் நடக்கவே இல்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டவர்கள் பெரியவர்கள். இத்தொடரில் மருத்துவ நோக்கில் மிக உண்மையான பகுதி இதுவே என்பது என் கருத்து.

சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளான பிள்ளை தன் வேதனையை முதன்முறை சொல்லும்போது முழுவதையும் சொல்வதில்லை. “எனக்கு அந்த ஸ்கூல் பிடிக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டு, கேட்பவரின் முகத்தைப் பார்க்கும். “நீ என்ன பண்ணின, சும்மாவா அடிப்பாங்க?” என்றோ, “கண்டுக்காம விடு, படிப்பைப் பாரு” என்றோ பதில் வந்தால், மறுபடி சொல்லத் துணிவதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் உடல் பேசத் தொடங்கிவிடும். ஞாயிறு மாலையில் வரும் வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பேனாவும் பணமும், பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிவைத்து வீடு திரும்பியதும் ஓடுவது, வெயில் காலத்திலும் கழற்றாத முழுக்கைச் சட்டை ஆகியவற்றை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், பார்க்கிறேன். வளர்ந்த பிறகும் டாங்-ஊன் தழும்புகளை ஆடைக்குள் மறைத்தே வாழ்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சட்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று பெற்றோர் நம்ப விரும்புவது எனக்குப் புரிகிறது. ஆனால் பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வின் அடிப்படையில் 2014இல் வெளியான முடிவுகள், 7 வயதிலும் 11 வயதிலும் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களிடம் 50 வயதிலும் மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் கூடுதலாகக் காணப்பட்டதைக் காட்டின.

தொடரோடு நான் முரண்படுவது பழிவாங்கலில்தான். டாங்-ஊன் பல ஆண்டுகள் திட்டமிட்டு, ஆசிரியையாகி, யான்-ஜினுடைய மகளின் வகுப்புக்கே வந்து சேர்கிறாள். நான் சந்தித்தவர்கள் பழி தீர்ப்பதில்லை, விலகிப் போகிறார்கள்: பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுகிறார்கள், அந்தத் தெரு வழியே செல்வதைத் தவிர்க்கிறார்கள், தங்கள் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் காரணம் புரியாமல் கைகால் நடுங்கி நிற்கிறார்கள். பழி தீர்த்தால் மனம் ஆறிவிடும் என்று பதின்பருவத்தினர் எண்ணிவிடக் கூடாது. வன்முறைக் காட்சிகளின் கடுமையையும் சேர்த்துக் கருதினால், இது 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பார்ப்பதற்கு உரியதன்று.

2023 பிப்ரவரியில் கொரியாவில் காவல்துறையின் தேசியப் புலனாய்வு அலுவலகத் தலைவராக நியமிக்கப்பட்டவர், மகன் பள்ளியில் சக மாணவனைக் கொடுமைப்படுத்தியது வெளிவந்ததால் பொறுப்பேற்கும் முன்பே விலக நேர்ந்தது. அந்த ஏப்ரலில், கடுமையான பள்ளி வன்முறையில் ஈடுபட்ட மாணவர்களின் பதிவுகளை அவர்கள் பள்ளிப்படிப்பு முடித்தபின் வைத்திருக்கும் காலத்தை 2 ஆண்டிலிருந்து 4 ஆண்டாக நீட்டிக்க அரசு முடிவெடுத்தது. நடந்ததை எழுத்தில் பதிந்து வைப்பது முக்கியம் என்பதால் இதை வரவேற்கிறேன். தண்டனையால் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளை தேறிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் பிள்ளை சொல்லத் தொடங்கினால், குறுக்கிடாமல் முழுவதையும் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது, இது உன் தப்பில்ல” என்று அப்போதே சொல்லுங்கள். எதிர்த் தரப்புப் பெற்றோரிடம் ஆத்திரத்தோடு நேரே போகாமல், நாள், இடம், நடந்தது ஆகியவற்றை எழுதி, காயமிருந்தால் படமும் எடுத்து, தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையும், மனநல ஆலோசனைக்கான டெலி மனாஸ் 14416 எண்ணையும் இந்தியாவில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். சாக வேண்டும் என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியை விட்டு இருபது ஆண்டுகள் கடந்தவர்களும் தயங்காமல் வரலாம். அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே உள்ள உளவியல் சிகிச்சை நடுத்தர வயதிலும் பலனளிக்கிறது.